பெல் கயிறு, ஏணி, இன்வாய்ஸ்: பழைய பஸ் நாட்குறிப்பு

2024 ஜனவரி 3

சென்னையின் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் டிசம்பர் 30 அன்று திறந்தாயிற்று. பாரிமுனையில் இருந்த வெளியூர் பஸ்கள் 2002-இல் கோயம்பேட்டுக்குப் போயின; தென்மாவட்ட வண்டிகள் இப்போது இன்னும் தெற்கே தள்ளிப் போகின்றன. இதையொட்டி எல்லோரும் பழைய பஸ் நினைவுகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலோரம், முறுக்கு, வேர்க்கடலை, மரம் பின்னால் ஓடுவது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த வண்டி எப்படி ஓடியது, டிக்கெட் கணக்கு எப்படி நேரானது என்பதை யாரும் எழுதக் காணோம். இங்கே அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 7

கரி பஸ். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனதும் பஸ்ஸின் பின்புறத்தில் அடுப்பு ஏறியது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் தானே ஒரு கேஸ் பிளான்ட்டை வடிவமைத்துச் செய்தது.

ஆளுயர இரும்பு உருளை. மேலே கரி கொட்டும் மூடி, அடியில் சல்லடைத் தட்டு, பக்கவாட்டில் காற்று நுழையும் மூக்குக்குழாய். கரி முழுசாக எரிந்துவிட்டால் பயனில்லை. காற்றை ஒடுக்கிக் கொடுத்து அரைகுறையாக எரிய வைத்தால்தான் கார்பன் மோனாக்சைடு வரும். என்ஜினுக்கு வேண்டிய தீனி அதுதான். அந்த வாயு குளிர்விக்கும் குழாய்கள் வழியாகப் போய், துணியோ நாரோ அடைத்த வடிகட்டியில் தூசியைக் கழித்து, காற்றோடு கலந்து என்ஜினுக்குள் போகும்.

காலையில் கிளப்புவது பெரிய வேலை. முந்தின நாள் சாம்பலைத் தட்டி எடுக்க வேண்டும். எலுமிச்சை அளவுக்கு உடைத்த கரியைச் சலித்துப் போட வேண்டும். கட்டி பெரிதானால் இடுக்கு வழியே காற்று தப்பிப் போய் வாயு கெடும். பொடியானால் மூச்சே போகாது. நெருப்பு வைத்துக் கை விசிறியைப் பத்து நிமிஷமாவது சுற்ற வேண்டும். பிறகு விசிறியின் வாயில் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். நீலமாக, விடாமல் எரிந்தால் வாயு தயார். எரிந்து அணைந்தால் இன்னும் சுற்று.

தவறுவது பெரும்பாலும் கரியால்தான். ஈரக் கரியில் நீராவி கிளம்பும். சரியாக வேகாத கரியில் தார் வந்து வால்வில் ஒட்டும். வெப்பம் கூடினால் சாம்பல் உருகிக் கிட்டமாகித் தட்டை அடைக்கும். நடு வழியில் கம்பியை விட்டுக் குத்தி உடைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மேல் மூடியைச் சட்டென்று திறந்தால் தீ முகத்தில் அடிக்கும். கசிவு இருந்தால் பின் சீட்டுக்காரர்களுக்குத் தலைவலி. மூடிய ஷெட்டில் அடுப்பு மூட்டினால் ஆளையே கொன்றுவிடும், ஏனென்றால் அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி. அப்படியும் என்ஜினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி, போய்விடும். வாயுவில் பாதி எரியாத நைட்ரஜன் என்பதே காரணம். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள் என்று தாத்தாக்கள் சொல்வது மிகையில்லை.

ஜனவரி 8

நேற்று விட்டுப் போனது: ஹேண்டில் அடிப்பது. செல்ப் மோட்டார் இல்லாத, அல்லது இருந்தும் பேட்டரி செத்த பெட்ரோல் வண்டிகளில் முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலால் கிளப்புவார்கள். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். பிடியைச் சுற்றி மூடக் கூடாது. கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. ஸ்பார்க் முந்தி விழுந்தால் என்ஜின் பின்னோக்கி உதைக்கும். மூடிய கட்டைவிரல் பெயரும், அழுத்திய மணிக்கட்டு முறியும். அதனால்தான் முதலில் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்து ஹேண்டிலைத் தொடுவார்கள்.

ஜனவரி 11

சில்லறைத் தகராறு பஸ்ஸுக்குப் புதிதல்ல. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. 16 அணா ரூபாய் 100 பைசா ஆனது. ஒரு அணா என்பது கணக்குப்படி ஆறேகால் பைசா. கால் பைசா நாணயம் ஏது? மாற்று அட்டவணையில் 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என்று போட்டார்கள். மூன்று ஓரணாவைத் தனித்தனியாக மாற்றினால் 18, சேர்த்து மாற்றினால் 19. பழைய காசும் புதுக் காசும் ஒரே பையில் கிடந்த காலத்தில் கண்டக்டர் அந்த ஒரு பைசாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிற்காலக் கணக்கும் கோணல்தான். 2011 நவம்பர் வரை வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 28 பைசா, அதன் பிறகு 2018 வரை 42. 37 கிலோமீட்டருக்கு 28 வீதம் பெருக்கினால் 10 ரூபாய் 36 பைசா. இதை அப்படியே வாங்க முடியாது. ஆகவே ஊருக்கு ஊர் ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) பிரித்து, முழுமையாக்கிய கட்டணத்தை முக்கோண வடிவ அட்டவணையாக அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஏறும் ஊரின் வரிசையும் இறங்கும் ஊரின் வரிசையும் சந்திக்கும் கட்டத்தில் இருப்பதே கட்டணம். தேர்ந்த கண்டக்டர் அட்டையைப் பார்க்கவே மாட்டார்.

ஜனவரி 16

டிக்கெட் கட்டும், கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதும் தாளான இன்வாய்ஸும். இது தெரியாமல் பழைய பஸ்ஸைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி.

தொகைக்கு ஒரு நிறம். கட்டுக்கு 100 டிக்கெட், எண் வரிசைப்படி. டிப்போவில் கட்டுகளை வாங்கும்போது ஒவ்வொரு தொகைக்கும் மேலே நிற்கும் எண்ணை இன்வாய்ஸில் எழுதிக் கையெழுத்து. வண்டி ஒரு ஸ்டேஜைத் தாண்டும் முன்பு, எல்லோருக்கும் கிழித்து முடித்து, ஒவ்வொரு கட்டிலும் அப்போது மேலே நிற்கும் எண்ணை அந்த ஸ்டேஜ் கட்டத்தில் எழுத வேண்டும். எழுதுவது விற்ற கடைசி டிக்கெட்டின் எண் அல்ல, அடுத்து விற்கப் போகும் டிக்கெட்டின் எண். ஒரு ரூபாய்க் கட்டு 42300-இல் தொடங்கி மூன்றாவது ஸ்டேஜில் 42317 என்று நின்றால் போனது 17 டிக்கெட், பையில் அந்த வகையில் 17 ரூபாய் இருக்க வேண்டும். இப்படி ஆறேழு நிறத்துக்கும். குலுங்கும் வண்டியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஏழரை ரூபாய்க்குத் தனிக் கட்டு இல்லையென்றால் ஐந்தும் இரண்டரையும் சேர்த்துக் கிழிப்பார். கூட்ட நாளில் ஏதாவது ஒரு நிறம் தீர்ந்துவிடும். அப்போது சின்னத் தொகைகளை அடுக்கி ஒருவருக்கே நாலைந்து டிக்கெட் போகும். பயணி அதை ஏமாற்று என்று நினைப்பதும் உண்டு.

எங்கே கெடும்? மழை நாளில் தாள் ஒட்டி இரண்டாகக் கிழியும். கவனிக்காமல் கொடுத்துவிட்டால் ஒரு டிக்கெட் காசு கையிலிருந்து. ஸ்டேஜை முன்கூட்டியே மூடிவிட்டு அதன் பிறகு கிழித்தால், ஏறிய ஊருக்கும் டிக்கெட் எண்ணுக்கும் பொருந்தாது. செக்கிங் இன்ஸ்பெக்டர் வழியில் ஏறினால் முதலில் இன்வாய்ஸைத்தான் வாங்குவார். பயணியிடம் டிக்கெட்டைப் பார்த்து, எண் எந்த ஸ்டேஜ் எல்லைக்குள் விழுகிறது என்று ஒப்பிடுவார், தலைகளையும் எண்ணுவார். மூன்றும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போட்டு இறங்கிவிடுவார்.

சில்லறை இல்லாதபோது பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பது தனி ஏற்பாடு. தொகையை எழுதி அடியில் ஒரு கோடு போடுவார்கள். கோடு இல்லாவிட்டால் 3 என்பதை 30 ஆக்க ஒரு சுழி போதும். இறங்கும் அவசரத்தில் பாக்கியை மறந்தவர்கள் எண்ணிக்கையில் ஊர் இரண்டு நிரம்பும்.

டிக்கெட் மெஷின் வந்தது நல்லதுதான். மெஷின் மூடும் ஸ்டேஜில் அடித்தல் திருத்தல் இல்லை.

ஜனவரி 20

கியர். பழைய பெட்டிகளில் சிங்க்ரோமெஷ் கிடையாது. பல்லும் பல்லும் ஒரே வேகத்துக்கு வருவதை டிரைவரின் காதும் காலும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல் கியருக்கு: கிளட்ச் மிதி, நியூட்ரலுக்கு இழு, கிளட்சை விடு, என்ஜின் சத்தம் இறங்கும் வரை பொறு, மறுபடி கிளட்ச், அடுத்த கியர். கீழ் கியருக்கு நியூட்ரலில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை ஓர் உதை உதைத்து என்ஜினை வேகப்படுத்திவிட்டுப் போட வேண்டும். அந்த நடு உறுமலை இன்றும் பலர் ரசித்து நினைவுகூர்கிறார்கள். டிரைவர் அழகுக்காகச் செய்ததல்ல. அது இல்லாவிட்டால் கறகறவென்று பல் கடிபடும், கியர் விழாது.

சமவெளியில் கியர் விழாவிட்டால் மானம்தான் போகும். மலையில் உயிர் போகும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. இறக்கத்தில் நியூட்ரலில் சிக்கிவிட்டால் வண்டி வேகமெடுக்கும். வேகமெடுத்தபின் கீழ் கியர் போடவே முடியாது. மிச்சம் பிரேக் ஒன்றுதான். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கு என்ற விதி இதனால் வந்தது. வளைவுக்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும், வளைவுக்குள் அல்ல.

பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் வாசனை உள்ளே வரும், பிறகு பிடிப்பு குறையும். காற்று பிரேக் வண்டியில் அடிக்கடி விட்டு விட்டு மிதித்தால் தொட்டிக் காற்று தீரும். கீழே வந்ததும் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். காற்றுத் தொட்டியின் அடி வால்வைத் தினமும் திறந்து சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுவது மெக்கானிக்கின் முதல் வேலை.

ஜனவரி 22

கடைசி சீட் ஏன் தூக்கிப் போடுகிறது? அசோக் லேலண்ட் வைக்கிங் 222 என்ற பஸ் மாடலில் 222 என்பது வீல்பேஸின், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தின், அங்குலம்; 5.6 மீட்டருக்குச் சற்று மேல். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டுவதற்குச் சட்டம் விடுவது வீல்பேஸில் 60 சதவீதம், அதாவது 3.3 மீட்டர் சொச்சம். முன் சக்கரத்தை ஊன்றுகோலாக வைத்தால் பின் சக்கரம் 10 சென்டிமீட்டர் எழும்போது அந்த நுனி ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் எழும். ஆள் குறைவான வண்டியில் பட்டை ஸ்பிரிங் வளையாமல் விறைத்து நிற்பதால் அதிர்ச்சி முழுசாக மேலே வரும். கூட்டத்தில் அவ்வளவு தூக்காது.

ஜனவரி 27

நைட் ஹால்ட். கடைசி வண்டி கிராமத்தில் தங்கும். விடிகாலையில் அதுவே முதல் வண்டி. டிரைவரும் கண்டக்டரும் சீட்டில் படுப்பார்கள். பேட்டரி பலவீனமான வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். காலையில் இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்தபடி உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் என்ஜின் பற்றிக்கொள்ளும். முதல் கியரில் விட்டால் சக்கரம் இழுத்து நின்றுவிடும்.

ஆபத்து வேறு இடத்தில். ராத்திரியில் காற்று கசிந்து தொட்டி காலி. என்ஜின் ஓடி கம்ப்ரசர் நிரப்பும் வரை கால் பிரேக் பிடிக்காது, கை பிரேக் மட்டுமே துணை. ஆகவே இறக்கத்தின் அடியில் நீண்ட சமதளம் உள்ள இடமாகத் தேடுவார்கள். காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிங்கே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் வண்டிகள் வந்ததும் இந்த வித்தை ஒழிந்தது. ஒழிந்தது நல்லது.

பிப்ரவரி 2

மேல் கேரியர். பின்புற ஏணி, மேலே கம்பி வேலி, தார்ப்பாய், கயிறு. கனமான மூட்டை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், அதுவும் அடியில். சைக்கிள் படுக்கை வசத்தில் மேலே. வாழைத்தார் ஓரத்தில் கிளை அடிபடாத இடத்தில். மீன் கூடை பின் கோடியில்தான், இல்லாவிட்டால் தண்ணீர் ஒழுகி ஜன்னலுக்குள் வரும். உயரத்தில் ஏற்றிய பாரம் வளைவில் வண்டியைச் சாய்க்கும் என்பதால் மலைப்பாதையில் சுமையைக் குறைப்பார்கள். மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் நின்று போகவிடாததும் இதே காரணம்தான்.

பிப்ரவரி 5

அரசு போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள். 1972-இல் பல்லவன் சென்னையில், சேரன் கோவையில், சோழன் கும்பகோணத்தில், பாண்டியன் மதுரையில். 1974-இல் திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன். பிறகு தொலைதூர வண்டிகளுக்குத் திருவள்ளுவர். 1997-இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் கழகம் தொடங்கியதை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டது. அதன் பிறகு கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த பெயர்கள் எல்லாமே எடுக்கப்பட்டன. பெயரை அழித்தாலும் ‘திருவள்ளுவர் பஸ்’ பல வருஷம் பேச்சில் ஓடியது.

பிப்ரவரி 9

சென்னை நகர பஸ்ஸைப் படிக்கும் முறை, ஊருக்குப் புதியவர்களுக்காக. எண் வழித்தடத்தை, எழுத்து அதன் கிளையைச் சொல்லும்: 18ஏ பாரிமுனையிலிருந்து தாம்பரம் பக்கம், 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர். எண்ணுக்குப் பக்கத்தில் ‘கட்’ என்றிருந்தால் வண்டி முழுத் தூரம் போகாது. அடியில் எழுதியிருக்கும் கடைசி ஊரைப் படிக்காமல் ஏறினவர் பாதி வழியில் இறங்கி நிற்பார். ஒயிட் போர்டு சாதாரணக் கட்டணம். அதே எண், வேறு போர்டு என்றால் காசு கூட. ஆகவே கிழவிகள் எண்ணைப் பார்க்கும் முன் போர்டின் நிறத்தைப் பார்த்தார்கள்.

நிறுத்த ஒரு விசில், கிளம்ப இரண்டு. அதற்கு முன் கூரையோடு ஓடிய கயிற்றை இழுத்து மணி அடித்தபோதும் இதே கணக்குதான். கயிறு நனைந்தால் விறைத்துக்கொள்ளும், காய்ந்தால் தொய்ந்துவிடும். தொய்ந்த கயிற்றில் இரண்டாவது இழுப்பு மணிக்குப் போகாது, டிரைவர் கிளம்ப வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருப்பார். அப்போது கண்டக்டர் பக்கவாட்டுத் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, ‘ரைட், ரைட்’ என்பார்.