ஒன்பது மணிச் சொட்டு

ஜூன் 3, செவ்வாய்
கண் ஆஸ்பத்திரியில் அடுத்த தடவை தனியாகப் பார்க்க மாட்டார்களாம். கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ள ஐந்து பேரை ஒரே அறையில் உட்காரவைத்து டாக்டர் ஒவ்வொருவராகப் பார்ப்பார், மற்றவர்கள் கூட இருந்து கேட்கலாம். சம்மதமா என்று அங்கே ஆலோசனை சொல்லும் பெண் கேட்டாள். கையெழுத்துப் போட்டேன். பஸ் வில்லியனூர் தாண்டுவதற்குள் வேண்டாமென்று ஆகிவிட்டது. என் கண்ணின் கதையை ஊரார் எதற்குக் கேட்கணும்?

ஜூன் 4, புதன்
அண்ணன் போனை எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
மகன் தேடிப் படித்துச் சொன்னான். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கிளாகோமாக்காரர்களை இப்படிச் சேர்த்துப் பார்த்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். தனியாகப் பார்த்துக்கொண்டவர்களைவிட இவர்கள் மருந்தை ஒழுங்காகப் போட்டார்களாம். 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற டாக்டர் காசநோய் வந்த ஏழைகளை வாரம் ஒருமுறை கூட்டி வகுப்பாகவே நடத்தியிருக்கிறார். ஆளுக்கொரு நோட்டில் தினமும் எழுதிக் கொண்டுவரணும். முகம் தெரியாத அந்த மனுஷர்கள்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்
தூக்கமில்லை. அம்மா கடைசி வருஷங்களில் சுவரைத் தடவித்தான் நடந்தாள். வயசானால் அப்படித்தான் என்றார்கள் எல்லோரும். அண்ணனுக்கு 58. ராத்திரியில் வண்டி ஓட்டுகிறார்.

ஜூன் 17, செவ்வாய்
போய்வந்தேன்.

வீராம்பட்டினத்து மீன்காரர் ஒருவர், ரிட்டயரான வாத்தியார், திண்டிவனத்துப் பாட்டி, முப்பது வயசு இருக்கும் ஒரு பெண், நான். வலது கண் 24, இடது 19 என்று எல்லோர் முன்னாலும் என் கண் அழுத்தத்தைச் சொன்னபோது உடம்பு கூசியது. மீன்காரருக்கு 31. அதற்கப்புறம் கூச்சம் எங்கே போனதோ.

அவர்தான் கேட்டார்: "போன பார்வை திரும்புமா சார்?" இத்தனை நாளும் என் தொண்டையில் நின்ற கேள்வி. டாக்டர் மூடி மறைக்கவில்லை. செத்த நரம்பு திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு என்றார். அறையில் யாரும் அழவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து கேட்டதால்தான் என்னால் தாங்க முடிந்தது.

ரெண்டு மருந்து என்றால் நடுவில் அஞ்சு நிமிஷமாவது விடணும், இல்லையென்றால் முதல் மருந்தை அடுத்தது கழுவிவிடும். போட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ளணும். இது வாத்தியார் கேட்டது.

பாட்டிக்கு ராத்திரியில் இழுப்பு. வெளியே பெஞ்சில் எங்களிடம் சொன்னவர் உள்ளே வாயே திறக்கவில்லை. கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். அந்தப் பெண்தான், "பாட்டி, இழுப்பைச் சொல்லுங்க" என்றாள். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். டிமோலால். மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடிய மருந்து. உடனே நிறுத்தி வேறு எழுதிக்கொடுத்தார். தனியாகப் போயிருந்தால்? பஸ் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் மட்டும் நாங்கள் எழுந்த பிறகும் டாக்டரிடம் பேசுவதற்காக நின்றாள். நாலு பேர் முன்னால் கேட்க முடியாதது அவளுக்கு ஏதோ இருக்கிறது. அதற்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும், இப்படிச் சேர்த்துப் பார்ப்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

கூடப் பிறந்தவர்களையும் கட்டாயம் கூட்டி வரச் சொன்னார்.

ஜூன் 18, புதன்
சொட்டு போட்டாயிற்று. மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி
"எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது." நோயே அதுதான் அண்ணா! நடுவில் எல்லாம் தெளிவாகத் தெரியும், ஓரத்திலிருந்துதான் தின்றுகொண்டு வரும். கத்திவிட்டேன். வைத்துவிட்டார்.

ஜூன் 25, புதன்
வாத்தியார் போன் செய்தார். பாட்டிக்கு இழுப்பு அடங்கிவிட்டதாம்! சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன். மீன்காரர் மட்டும் யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அந்த 31.

ஜூன் 28, சனி
ஒன்றுமில்லை. சொட்டு.

ஜூலை 1, செவ்வாய்
அண்ணி பேசினாள். வியாழக்கிழமை எப்படியும் கிளப்பி அனுப்புகிறாளாம். கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது, பஸ்ஸில்தான் வரணும் என்று சொல்லியிருக்கிறேன். பஸ் என்றதும் அண்ணனுக்கு முகம் மாறியதாம். நாளைக் காலையில் நானே அங்கே போகிறேன்.