ஊறுகாய் பாட்டில்

"மூடி இறுகிக் கிடக்கு, தொறந்து குடுப்பா."

அம்மா நீட்டுன ஊறுகாய் பாட்டிலை லேசாத்தான் திருகினேன். தொறந்துக்கிச்சு.

மூடி இறுகவே இல்ல.

அப்புறம்தான் அம்மா கையைப் பார்த்தேன். மணிக்கட்டுல பிடிச்சாப்ல நிக்கிற வளையல், கையைத் தூக்கினா முழங்கைகிட்ட வரைக்கும் சரியுது.

முதுமைத் தளர்ச்சிக்கு 2001-ல அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரீட் குழுவினர் 5 அடையாளம் சொன்னாங்க. கைப்பிடி தளர்றது, நடை மெதுவாகுறது, ஓயாத அசதி, நடமாட்டம் குறையறது, முயற்சி பண்ணாமலே வருஷத்துல 4.5 கிலோவுக்கு மேல எடை இறங்குறது. இதுல 3 இருந்தாலே தளர்ச்சிதான்.

நான் "வயசாச்சுல்ல"ன்னு விட்டுட்டேன்.

அப்பா போனதுலேர்ந்து ராத்திரி வெறும் கஞ்சிதான் குடிக்கிறாங்க. அதுல புரதம் ரொம்பக் கம்மி. தசை கரையாம என்ன செய்யும்?

இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு ராத்திரி கஞ்சியோட ஒரு முட்டை.

சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்தோம். பாதி வழியில என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.