முப்பது வயது பத்மினிக்கு எஃப்.சி.: மூன்று நடை, ஓர் எண், ஒரு பல்பு

எங்கள் பிரீமியர் பத்மினி காரின் பதிவு, எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனைக்குப் பின் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டு, ஆர்.சி. அட்டை சென்ற வாரம் விரைவு அஞ்சலில் காரிமங்கலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்கிய பிறகுதான் இரண்டு மாதமாக இருந்த மனபாரம் இறங்கியது. 1995 டிசம்பரில் அப்பா வாங்கிய வண்டி அது. "முப்பது வருஷ வண்டி எஃப்.சி.யில் தேறாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்று சொல்லாத உறவினர் இல்லை. 2010, 2015, 2020, இப்போது 2025 என்று நான்கு முறை இந்தக் காரைச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். எஞ்சின், பிரேக், ஸ்டீரிங் ஆகியவற்றுக்காக ஒரு முறைகூட இது திருப்பி அனுப்பப்பட்டதில்லை. இந்த முறை நான் மூன்று நடை நடந்ததற்குக் காரணம் வேறு.

தில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் உள்ள கட்டுப்பாட்டை நம் ஊருக்கும் பொருத்திப் பலர் அஞ்சுகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படித் தடை இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்த பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டால் ஓட்டலாம். 2021-இல் வந்த 'வி.ஏ.' வரிசைப் பதிவுக்கு மாறச் சொன்னவர்களும் உண்டு. அது ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கானது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. கட்டணம்தான் உண்மையில் வலிக்கிறது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. கெடு முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்தே படிவம் 25-ஐக் கொடுக்கலாம் என்பதால் அக்டோபரிலேயே தொடங்கிவிட்டேன். கெடு தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதலாக ஏறும்.

இயந்திர வேலைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி என்பதால் லைனரும் வீல் சிலிண்டர் ரப்பர்களும் மாற்றினோம். ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளைப் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தேடி வாங்கி வந்தேன். பிறகு மெக்கானிக் தம்பியை அருகில் உட்காரவைத்துத் தொப்பூர் கணவாயில் இறங்கினேன். பாதிச் சரிவில் பெடல் தளரவில்லை, வண்டி ஒரு பக்கமாக இழுக்கவும் இல்லை. "போதும்ணா, இதுக்கு மேல எந்த இன்ஸ்பெக்டரும் பார்க்க மாட்டார்" என்றார் அவர். புகைப் பரிசோதனையில் மட்டும் ஒரு பாடம் கிடைத்தது. குளிர்ந்த எஞ்சினோடு போனபோது கார்பன் மோனாக்சைடு 4 சதவீதத்தைத் தாண்டியது. அக்காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 3 சதவீதம். கார்புரேட்டரைச் சரிசெய்து, இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு உடனே காட்டியதும் 2.1-க்கு இறங்கியது.

முதல் நடையில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காலை பத்து மணிக்குப் போய் ஒரு மணிவரை காத்திருந்த என்னிடம், கவுன்டரில் இருந்தவர் வண்டியில் குத்தியிருக்கும் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் ஒட்டிய தாளைத் திருப்பிக் கொடுத்து, "இது படிக்கிற மாதிரி இல்லை. இன்சூரன்ஸில் வேற நம்பர் இருக்கு" என்று மட்டும் சொன்னார். எந்த எழுத்து வேறு, யாரிடம் போய்த் திருத்துவது என்று இரண்டு முறை கேட்டேன். அவர் அடுத்த டோக்கனை அழைத்தார். அறுபது வயதைக் கடந்தவன், வெயிலில் அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவன் என்பதற்காக அல்ல. எவர் வந்து கேட்டாலும், தவறு எங்கே இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடையில் இரண்டு முறை டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்ததில், தகட்டில் குத்தப்பட்ட எண்களின் பள்ளங்கள் நிறைந்து, 8 பார்ப்பதற்கு 3 போலத் தெரிந்தது. இன்சூரன்ஸ் முகவர் ஆண்டுக்காண்டு அதை 3 என்றே எழுதிவந்திருக்கிறார். நானும் ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை. பெயின்ட் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். பழைய பல் துலக்கியால் பள்ளங்களை மெதுவாகத் தேய்த்தேன். உலர்ந்ததும் சாக்குக்கட்டிப் பொடியைத் தடவித் துடைத்தேன். கறுத்த தகட்டில் வெள்ளை எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவந்தன. 8-இன் இரண்டு வளையங்களும் முழுதாகத் தெரிந்தன. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தபோது அச்சுப் போல வந்தது. இந்த இடத்தில் உப்புத்தாளோ கிரைண்டரோ ஒருபோதும் வைக்காதீர்கள். எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்துவிட்டால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

இன்சூரன்ஸ் திருத்தத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. அப்பா பத்திரமாக வைத்திருந்த பழைய ஆர்.சி. புத்தகத்தில் எண் கையெழுத்தில் தெளிவாக இருந்ததால்தான் அதுவும் முடிந்தது. ஸ்மார்ட் கார்டு வந்துவிட்டதே என்று பழைய புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாம் நடையில் காகிதங்கள் நிமிடத்தில் தேறின. பிரேக் இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் பார்த்தார்; ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னார், ஸ்டீரிங் ஆட்டத்தைக் கையால் அசைத்து அளந்தார், வைப்பரையும் ஹார்னையும் கேட்டார். பிரேக் விளக்குக்கு வந்தபோது இடது பக்கம் எரியவில்லை. கிளம்பும்போது எரிந்த விளக்கு அது! "வண்டி நல்லா வச்சிருக்கீங்க சார், இதை மட்டும் சரிபண்ணி அடுத்த முறை கொண்டு வாங்க" என்றார். பல்பில் குறையில்லை, ஹோல்டர் துருப்பிடித்து எர்த் விட்டுப் போயிருந்தது, சாலைக் குலுக்கலில் தொடர்பு அறுந்திருக்கிறது. சரிசெய்ய ஒரு துண்டு உப்புத்தாளும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்தன. அதற்காக ஒரு முழு நாள் போயிற்று. பழைய காரைக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு பல்பு, ஃபியூஸ், உப்புத்தாள், ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பதற்கு முன், உடன் வந்தவரைப் பின்னால் நிறுத்தி எல்லா விளக்குகளையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நடைக்கு மகளை அழைத்துப் போனேன். வாசலிலேயே அவள் பின்னால் நின்று, "இடது எரியுதுப்பா, வலதும் எரியுது" என்று இரண்டு முறை சொன்ன பிறகே வண்டியை உள்ளே விட்டேன். அதே இன்ஸ்பெக்டர் பின்னால் மட்டும் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஹோல்டர்கள் இரண்டையும் அடுத்த வாரமே புதிதாக மாற்றிவிட்டேன். புதிய அட்டை அப்பாவின் பழைய புத்தகத்துக்குள் இருக்கிறது.