டாவோஸும் நெட் ஜீரோவும்

ஒவ்வொரு ஜனவரியும் சுவிட்சர்லாந்தோட டாவோஸ்ல, உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்துல, பெரிய கம்பெனி தலைங்க எல்லாம் கூடி பருவநிலை, பசுமைன்னு பேசுறாங்க, அதுல பாதிப்பேர் சொந்த ஜெட்ல வந்து எறங்குறாங்கங்கிற ஜோக் பழசாயிடுச்சு, அத விடுங்க.

2025 கூட்டம் ஆரம்பிச்சது ஜனவரி 20. அதே நாள்தான் ட்ரம்ப் பதவி ஏத்துக்கிட்டு பூமி சூடாகுறத கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்துல இருந்து வெளிய போறோம்னு கையெழுத்து போட்டாரு. ஆனா பேங்க்காரங்க அதுக்கு முன்னாடியே உஷார்! 2021ல கடன் கொடுக்குறதையே நெட் ஜீரோவுக்கு, அதாவது வெளிய விடுற கார்பனையும் திரும்ப உறிஞ்சுறதையும் சமன் பண்ற இலக்குக்கு, ஏத்த மாதிரி மாத்துறோம்னு ஒரு கூட்டணி ஆரம்பிச்சாங்கல்ல, தேர்தல் ரிசல்ட் வந்தப்புறம் கோல்ட்மேன் சாக்ஸ், சிட்டி, ஜேபி மார்கன்னு அமெரிக்காவோட ஆறு பெரிய பேங்கும் டிசம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரி மொத வாரத்துக்குள்ள வரிசையா கழண்டுக்கிச்சு, 2025 அக்டோபர்ல கூட்டணிக்கே மூடுவிழா. காத்து அடிக்கிற பக்கம் சாயுறதுக்கு இவங்கள அடிச்சிக்க ஆளில்ல.

என்னக் கேட்டா மேடை பேச்ச விட ஐரோப்பாவோட கார்பன் வரிதான் மேட்டர். ஸ்டீல், சிமென்ட், அலுமினியம், உரம்னு உள்ள வர்ற சரக்குக்கு, அத தயாரிக்கும்போது வெளிய விட்ட கார்பனுக்கு காசு கட்டணும், 2026ல இருந்து நெஜமாவே அமல். உறுதிமொழிய கிழிச்சுப் போடலாம், கஸ்டம்ஸ்ல போயி அப்படி பண்ண முடியுமா?