வீட்டுக் குக்கரில் காளான் வித்து

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டின் பின்கட்டில் சிப்பிக்காளான் வளர்க்கத் தொடங்கியபோது, வைக்கோலுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. செலவு வைத்தது வித்துதான். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் நான்கு பாக்கெட் வாங்கி வந்தால், வித்தின் விலைக்கு நிகராகப் பயணச் செலவும் ஆகிவிடும். மலையாளம் பேசும் பக்கத்து வீட்டார் இதைக் 'கூண் வித்து' என்பார்கள். விதை என்ற பெயர் இருந்தாலும் இது விதையன்று. வெந்த தானியத்தின் மீது காளானின் பூஞ்சை இழையைப் படரவிட்டால் அதுவே வித்து. தானியம் என்பது அந்த இழைக்குச் சோறும் வாகனமும் மட்டுமே என்பது புரிந்த பிறகுதான் வீட்டிலேயே செய்து பார்க்கும் துணிச்சல் வந்தது.

முதல் முயற்சி முழுத் தோல்வி. விதைப்புக்கு விற்கும் சோளம் நன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணி, ஒரு கடையில் இரண்டு கிலோ வாங்கினேன். ஊறவைத்த தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். விதைச் சோளத்துக்குப் பூசியிருப்பது பூஞ்சணக்கொல்லி. காளானும் ஒரு பூஞ்சைதானே! மூன்று வாரம் கழித்தும், பாக்கெட்டுக்குள் போட்ட தாய் வித்து (புது வித்துக்கு உறையாகப் போடும், இழை படர்ந்த வித்து) போட்ட இடத்திலேயே விறைத்துக் கிடந்தது. அன்றிலிருந்து மளிகைக் கடையில் சமைப்பதற்கென விற்கும் வெள்ளைச் சோளத்தைத்தான் வாங்குகிறேன். புழு அரித்த மணியையும் உடைந்த மணியையும் புடைத்து நீக்கிவிடுவேன்.

சோளத்தை இரவு முழுவதும் ஊறவைப்பது அது மிருதுவாவதற்காக மட்டுமன்று. தானியத்தில் ஒட்டியிருக்கும் சில பாக்டீரியாக்களின் உறங்குநிலை நுண்வித்துகள் (ஸ்போர்கள்) கொதிநீரையும் தாங்கும். ஊறும்போது அவற்றில் பெரும்பகுதி விழித்து முளைத்துவிடுவதால், மறுநாள் சூட்டில் எளிதாக அழிகின்றன. ஊறிய சோளத்தைக் கழுவி, புதுத் தண்ணீரில் ஏறக்குறைய அரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். இங்கேதான் கை பழக வேண்டும்: மணியை நகத்தால் அழுத்தினால் உள்ளே அமுங்க வேண்டும், ஆனால் தோல் வெடித்திருக்கக் கூடாது. வெடித்த மணியிலிருந்து மாவு கசிந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும். அந்தக் களியில் முதலில் குடியேறுவது காளான் அன்று, புளித்த நாற்றமெடுக்கும் பாக்டீரியா. "சுண்டலுக்குக்கூட இத்தனை பக்குவம் பார்க்க மாட்டயே, கண்ணு" என்று அம்மா கேலி செய்தாலும், அடுப்பைவிட்டு நகராமல் இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்ப்பேன்.

வடிகட்டிய சோளத்தைச் சுத்தமான சாக்கில் பரப்பி, மேலீரம் மட்டும் போகும்படி உலர்த்த வேண்டும். ஒரு பிடி எடுத்துத் தாளில் வைத்தால் ஈரத்தடம் படியக் கூடாது. மணிக்குள் ஈரம் இருக்கவும் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் வீசும் வேகம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் சோளம் பொரிக்குப் போட்டதுபோல் காய்ந்திருந்தது. இப்போது கூடத்துக்குள்தான் உலர்த்துகிறேன். உலர்ந்ததும் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூவிப் பிசிறினால் மணிகள் ஒட்டாமல் உதிரியாக நிற்கும்.

பாலிப்ரொப்பிலீன் பையில்தான் நிரப்ப வேண்டும். சாதாரண பாலித்தீன் பை குக்கர் சூட்டில் உருகிவிடும். பைக்கு 300 கிராம் வீதம் போட்டு, வாயில் பிவிசி வளையம் மாட்டி, உறிஞ்சாத பஞ்சால் அடைத்து, நீராவி பஞ்சை நனைக்காமலிருக்கத் தாள் சுற்றி ரப்பர் போடுகிறேன். ஒரு கிலோ உலர் சோளத்துக்கு ஆறு பை கிடைக்கும். குக்கரில் தட்டுக்குக் கீழே தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். அழுத்தம் 15 பவுண்டை எட்டும்போது உள்ளே சூடு 121 டிகிரி. வெயிட் எழும்பியதும் தீயைக் குறைத்து, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் கணக்கிடுகிறேன். பிறகு மூடியைத் தொடாமல் இரவெல்லாம் ஆறவிடுகிறேன். சூடான பையில் வித்திட்டால் இழை வெந்து போகும்.

மறுநாள் விடியற்காலை, காற்று எழும்புவதற்கு முன், சன்னல்களைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குவேன். கையிலும் மேசையிலும் துடைத்த ஸ்பிரிட் முழுவதும் உலர்ந்த பிறகே விளக்கை ஏற்ற வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. தாய் வித்தை வெளியிலிருந்தே கசக்கி உதிர்த்து, சுடரருகில் பஞ்சை எடுத்து, பைக்குப் பத்துக் கிராம் அளவுக்குச் சரித்து, உடனே அடைத்துவிடுகிறேன். சில நாளில் ஒவ்வொரு மணியையும் சுற்றி வெண்பஞ்சுபோல் இழை கிளம்பும். எட்டாம் நாள் பையை ஒருமுறை குலுக்கிவிட்டால், இரண்டு வாரத்துக்குச் சற்று முன்பின்னாகப் பை முழுவதும் வெளுத்துவிடும். பச்சையோ கருப்போ தென்பட்ட பையைத் திறக்காமலே குக்கரில் மறுபடி வேகவைத்து எருக்குழியில் போடுகிறேன். பச்சைப் பூசணத்தின் தூள் வீட்டுக்குள் பறந்தால் அடுத்த வித்தும் போயிற்று.

சொந்த வித்திலிருந்தே மீண்டும் மீண்டும் வித்தெடுத்தும் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் இழை மெலிந்து, படர ஒரு வாரம் கூடுதலாக எடுத்தது. ஆகவே தாய் வித்துக்கு மட்டும் இன்றும் கோயம்புத்தூர் போகிறேன்; திரும்பும் பஸ்ஸில் ஈரத்துணி சுற்றிய தூக்குப்போசி ஒன்று என் மடியில் இருக்கும்.