அம்மாட மூக்குத்தி

நேற்றுக் கல்லடியிலிருந்து ஒரு அக்கா, நான் நினைவு மலர் வடிவமைக்கிற இடத்துக்கு வந்தா. அம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு முகப்பு வேணும். கையில் இருந்தது பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், நடுவில் மடிப்பு விழுந்து கிடந்தது.

ஒரு அங்குலப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் பண்ணினால்தான் 4 அங்குலத்துக்குப் பெருப்பித்தாலும் அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ மிஞ்சும். மடிப்பு சரியாக மூக்கின் மேலால் ஓடியிருந்தது. “தம்பி, அம்மாட மூக்குத்தியை மட்டும் அழிச்சிராதீங்க” என்றா அக்கா. 400 வீதத்துக்குப் பெருப்பித்துப் பார்த்தால் அந்த மூக்குத்தி நாலைந்து வெள்ளைப் புள்ளிகள்தான். அதைத் தொடாமல் சுற்றியிருந்த தோலை மட்டும் நிரப்ப இரண்டு மணித்தியாலம் போனது.

“கம்ப்யூட்டர்தானே செய்யுது, அஞ்சு நிமிஷ வேலை” என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உண்மையில் இந்த வேலையில் மனசு வலிக்கும்.

அப்புறம் எழுத்து. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிக்கொண்டு வந்த கவிதையை இப்போதைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கா என்று வரிவரியாகப் பார்க்க வேணும். இறந்தவரின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அந்த வீடு மறக்காது. திரைக்கான ஆர்ஜிபி நிறங்களை அச்சுக்கான சிஎம்வைகேக்கு மாற்றி, வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் விட்டு, பிடிஎஃப் எடுத்து அனுப்பினேன்.

இன்று காலை மாதிரிப் பிரதியைக் கொடுத்தேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. மூக்குத்தி இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தா.