கோழி கிடக்கட்டும், பருப்பு எப்படி?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல கடை எது என்று விசாரிக்கிறவர்கள் கோழியைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் பருப்பைப் பார்ப்பேன். கோழிக்கறியைத் தூளைக் கொட்டி எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம், ஆனால் மைசூர்ப் பருப்பைக் களியாகவும் விடாமல் நறுக்கென்றும் விடாமல் அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, செத்தல் மிளகாயும் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுகிற கடை மற்றதையும் கவனமாகத்தான் சமைக்கும்.

சோறு, மீனோ முட்டையோ ஏதாவது ஒன்று, மூன்று மரக்கறி, ஒரு பப்படம். கொழும்புப் பார்சல் பெரும்பாலும் இவ்வளவுதான். அந்த மூன்றும் ஒரே மஞ்சள் பால்கறியாக வந்தால் எனக்குப் பாதியிலேயே அலுத்துவிடும். குழைவாகப் பருப்பு, பொரித்து வினாகிரியில் புரட்டிய கத்தரிக்காய் மோஜு, பச்சையாக ஒரு வல்லாரைச் சம்பல் என்று இருந்தால் மீன்துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கவலையில்லை.

வல்லாரையில்தான் சமைக்கிற ஆள் பிடிபடுவார். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, உப்பையும் தேசிக்காய்ப்புளியையும் பரிமாறும் நேரத்தில்தான் விடவேண்டும். காலையிலேயே பிசைந்து வைத்தால் மத்தியானத்துக்குள் தண்ணீர் விட்டுக் கறுத்துவிடும். தேங்காய்ப்பால் சொதியும் அப்படித்தான், புளியை இறக்கிய பிறகுதான் விடவேண்டும், கொதிக்கும்போதே விட்டால் பால் திரைந்துபோகும். (திரைந்த சொதியைச் சிரித்த முகத்தோடு ஊற்றுகிற கடைகளும் இருக்கின்றன.)

விலை ஏறினால் முதலில் அடி வாங்குவதும் இவைதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அப்புறம் 2024 கடைசியில் தேங்காய்த் தட்டுப்பாடு. சம்பல், சொதி, சுண்டல், பால்கறி எல்லாமே தேங்காயை நம்பி நிற்பவை, அதனால் கோழித்துண்டை அப்படியே வைத்துவிட்டுச் சம்பலைத்தான் ஒரு சிட்டிகையாகக் குறைத்தார்கள், சொதி வெறும் மஞ்சள் தண்ணீரானது. என்னைக் கேட்டால் கோழியைக் குறைத்திருக்கலாம்.

பப்படத்தைப் பற்றி ஒன்று. சுடுசோற்றின் மேலேயே வைத்துச் சுற்றிவிடுகிறார்கள், வீட்டில் பிரிக்கும்போது ஈரத்துணி மாதிரிக் கிடக்கிறது. வேறு கடதாசியில் தாங்கோ என்று கேட்டால் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.